பள்ளத்தாக்கின் சீதோஷ்ணமும் சமவெளியின் சீதோஷ்ணமும்

(செண்பகத்தோப்பு அடிவாரத்துக் குடியானவர்களுக்குரிய பிரசங்கம்)



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புக்குச் செல்லும் பாதையில், மார்கழி மாதத்து விடியற்காலையில் ஒருவர் பிரயாணம் செய்வாராயின், ஊர் எல்லையில் தோளின்மேல் கிடந்த துண்டை மலையடிவாரம் சேர்வதற்குள் எடுத்துத் தலையிலே சுற்றிக்கொள்வார். கடந்து வந்த தூரமோ சில மைல்களே. வழியில் பெரிய ஏற்றமும் இல்லை. அதே மனிதர் சித்திரை மாதத்துப் பிற்பகலில் அவ்வழியே சென்றால், வெட்டவெளியில் முகத்தில் அறைந்த அனல், ஆற்றோரத்து மரநிழலை அடைந்தவுடன் தணிந்துபோவதை உணர்வார்.

இது இப்பக்கத்தார் யாவரும் அறிந்த அனுபவமே. ஆயினும், அனுபவத்தில் அறிந்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாமல், பயிரிடுவது, மருந்து தெளிப்பது, கடன் வாங்குவது, தவணை ஒப்புக்கொள்வது ஆகிய யாவற்றையும் சமவெளியின் வழக்கப்படியே நடத்திவிட்டு, பின்னர் விதியை நொந்துகொள்வோர் பலர். பள்ளத்தாக்குக்கு ஒரு சீதோஷ்ணமும், திறந்த சமவெளிக்கு வேறொரு சீதோஷ்ணமும் உண்டு என்பதையும், அந்த வித்தியாசம் குடியானவனுடைய பணப்பையை எவ்விதம் தொடுகிறது என்பதையும் விளக்குவதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

உயரம் மட்டும் காரணமன்று

மலைப்பக்கம் குளிர்ச்சியாக இருப்பதற்கு உயரமே காரணம் என்று சாதாரணமாகச் சொல்லுவார்கள். அது ஒரு பங்கு உண்மை. ஆயிரம் அடி உயரத்துக்குச் சராசரியாகப் பாரன்ஹீட் கணக்கில் மூன்றரை டிகிரி உஷ்ணம் குறைகிறது. மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் உஷ்ணம் 100 டிகிரியை எட்டும்போது, 7,000 அடிக்குச் சற்று மேலே அமைந்த கொடைக்கானலில் அது 70 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. செண்பகத்தோப்புக்கு மேலேயுள்ள மலைத்தொடரிலும் 6,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் உள. அங்கே சென்றால் அடிவாரத்தைவிட 20 டிகிரி குறைந்திருப்பது இயல்பே.

ஆனால் குடியானவர்களின் தோப்புகள் சிகரத்தில் இல்லை. அவை அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரைக் காட்டிலும் சில நூறு அடியே உயர்ந்த நிலத்தில் உள்ளன. அந்தச் சிறு உயரத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வர நியாயமில்லை. ஆகையால், அங்கே காணும் வித்தியாசத்துக்கு மூலகாரணம் நிலத்தின் உருவமேயாகும். மூன்று புறம் மலை சூழ்ந்து, கிழக்கே மட்டும் வாய் திறந்திருக்கும் நிலத்தில் காற்றும், வெயிலும், மழையும் ஒரு தனி முறையில் நடந்துகொள்கின்றன.

இரவுக் குளிர் நீரைப்போல் இறங்கும்

மேகமில்லாத இரவில் பூமி தன் உஷ்ணத்தை ஆகாயத்தை நோக்கி வெளியிட்டுக் குளிர்கிறது. பூமியைத் தொட்டுள்ள காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சமவெளியில் அது இருந்த இடத்திலேயே பரவிக் கிடக்கும். சற்றே காற்று வீசினாலும் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றுடன் கலந்துவிடும். மலைச்சரிவிலோ, அது வாய்க்கால் நீரைப்போல் கீழ்நோக்கி ஒழுகி, ஓடையின் வழியே இறங்கி, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கிறது. இரு பக்கமும் மலை மறைப்பதால் அதைக் கலக்குவதற்கு வெளிக்காற்றும் எளிதில் வருவதில்லை.

இதனால் ஒரு விசித்திரம் உண்டாகிறது. அத்தகைய இரவுகளில் பள்ளத்தின் அடிப்பாகம் மிகவும் குளிர்ந்தும், சரிவில் சற்று மேலேயுள்ள நிலம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே செல்லச் செல்லக் குளிரும் என்ற விதி அந்நேரத்தில் தலைகீழாகிவிடுகிறது. நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும்போது, பள்ளங்களிலுள்ள புல் வெண்மையாக உறைந்து கிடக்க, அருகேயுள்ள சரிவில் பனி உறையாமலிருப்பதை எவரும் காணலாம். அங்குள்ள தேயிலைப் பயிர் பள்ளத்தில் கருகிச் சரிவில் பிழைப்பதும் இதனாலேயே. அமெரிக்கா தேசத்துக் கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள், பள்ளத்தாக்குகளில் தேங்கும் குளிரினின்று மரங்களைக் காக்க எண்ணெய் அடுப்புகளை ஏற்றியும், பிற்காலத்தில் பெரிய விசிறி யந்திரங்களைச் சுழற்றி மேற்காற்றைக் கீழே கொணர்ந்தும் வந்தார்கள்.

செண்பகத்தோப்பின் அடிவாரத்தில் உறைபனி விழுவதில்லை. எனினும் காற்று அதே விதமாகவே ஒழுகுகிறது. உறைபனிக்குப் பதிலாகப் பெரும் பனித்துளியும் மூடுபனியும் உண்டாகின்றன. இதைச் சோதிக்கக் கருவி வேண்டுவதில்லை. காற்றடங்கிய தை மாதத்து விடியற்காலையில் ஓடைக்கரையில் ஒரு வரட்டியைப் புகைய வைத்துப் பாருங்கள்; புகை மலையினின்று கிழக்கே சாயும். வெயில் ஏறிய பிற்பகலில் அதே இடத்தில் புகைய வைத்தால், சரிவுகள் சூடேறிக் காற்று மேலே எழுவதால், புகை மலையை நோக்கிச் சாயும். இவ்வாறு பகலில் ஏறி இரவில் இறங்கும் காற்று பள்ளத்தாக்குக்கே உரிய சுவாசம் என்னலாம்.

பகல் வெயிலும் மரத்தின் உபகாரமும்

செண்பகத்தோப்புக்கு மேற்கே மலை. ஆதலால் காலை வெயில் தடையின்றி விழுகிறது. மாலை வெயில் சீக்கிரம் மறைகிறது. மலைமுகடு அடிவானத்துக்கு மேல் 15 டிகிரி கோணத்தில் உயர்ந்திருந்தால், சூரியன் அவ்விடத்தில் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகவே மறைந்துவிடும். சமவெளியின் மண் இன்னும் வெயிலை வாங்கிக்கொண்டிருக்கையில், அடிவாரத்து மண் குளிரத் தொடங்குகிறது. இலைகளில் ஈரம் அதிக நேரம் தங்குவதற்கு இது மற்றொரு காரணம்.

ஆனால் பள்ளத்தாக்கு என்றாலே பகலில் குளிர்ச்சி என்று எண்ணிவிடலாகாது. பெரிய அண்டாவையும் சிறிய சட்டியையும் ஒரே அளவு நெருப்பின்மேல் வைத்தால் எது முதலில் கொதிக்கும்? சட்டியே. அதுபோல, பள்ளத்தாக்கில் மலைச்சரிவுகள் இடத்தை அடைத்துக்கொள்வதால், சமவெளியைவிட அங்கே சூடாக்க வேண்டிய காற்றின் அளவு குறைவு. ஆகையால் மரமற்ற பள்ளத்தாக்கு பகலில் சமவெளியைவிட அதிகமாகவே காயும். இரவில் அதிகமாகவே குளிரும். செண்பகத்தோப்பில் பகல் அனல் தணிந்திருப்பதற்கு முக்கிய காரணம் ஆற்றோரத்து அடர்ந்த மரங்களின் நிழலும், அவற்றின் இலைகள் வெளியிடும் ஈரமுமேயாகும்.

இவ்விடத்துக்குப் பெயர் கொடுத்த செண்பகமே ஈரமான மலைக்காட்டைச் சேர்ந்த மரம். இங்கு வாழும் சாம்பல் நிற மலையணில் இதற்கு மற்றொரு சாட்சி. அது தரையில் இறங்க விரும்பாமல், கிளைக்குக் கிளை தாவிச் செல்வது. ஆகையால் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடியிருக்கும் ஆற்றோரக் காடுகளையே நாடும். அந்த அணிலுக்காக 1988-ஆம் வருஷத்தில் இம்மலைப்பகுதி சரணாலயமாக்கப்பட்டது. 2021-ஆம் வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் ஏற்பட்டது. அணில் நிலைத்திருக்கும் வரையில் நிழல் நிலைத்திருக்கிறதென்று குடியானவர்கள் தெரிந்துகொள்ளலாம். நிழல் போனால் சட்டியின் கதைதான்.

இரண்டு பருவக்காற்றுகளும் ஒரே மலையும்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வரும் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் ஏறும்போது குளிர்ந்து, தன் நீரைக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. மேகமாகி ஏறும் காற்று ஆயிரம் அடிக்குச் சுமார் 3 டிகிரி குளிரும். நீரை இழந்து கீழே இறங்கும் காற்றோ ஆயிரம் அடிக்கு 5 டிகிரிக்கு மேல் சூடேறும். 5,000 அடி ஏறி 5,000 அடி இறங்கும் காற்று 10 டிகிரிக்குக் குறையாத அதிக உஷ்ணத்துடன், வறண்டு, கிழக்கே வந்து சேரும். அந்த மாதங்களில் முகட்டின்மேல் வெண்மேகம் வேட்டி உலர்த்தியதுபோல் கிடக்க, கீழே இராஜபாளையத்தில் புழுதிக்காற்று வீசுவதன் இரகசியம் இதுவே. தெற்கே செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் அதன் வழியே மேகம் நுழைந்து குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது. செண்பகத்தோப்புக்கு மேற்கே அத்தகைய வாயில் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை மாறுகிறது. கிழக்கேயிருந்து வரும் ஈரக்காற்றுக்கு இம்மலையே தடைச்சுவர். சமவெளியைக் கடந்துவந்த மேகம் சரிவில் மோதி மேலெழுந்து மழையாகிறது; கிழக்கு நோக்கி வாய் திறந்த பள்ளத்தாக்கு புனலைப்போல் அதை உள்ளே வாங்குகிறது. சாத்தூரில் தூறலாயிருந்த அன்று அடிவாரத்தில் பெருமழையாயிருப்பதுண்டு. மாசி, பங்குனிக்குப் பின் கோடை இடிமழையும், மேலே சொன்ன பகற்காற்று சரிவில் ஏறுவதால், பிற்பகலில் முகட்டிலேயே முதலில் உருவாகிறது.

எல்லாப் பள்ளத்தாக்குகளும் ஒரே மாதிரி என்றும் கொள்ளலாகாது. இம்மலைக்கு மறுபுறம் வைகை பிறக்கும் வருஷநாட்டுப் பள்ளத்தாக்கு. அதற்கும் மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு. கம்பத்தில் 1895-ஆம் வருஷம் முதல் பெரியாற்று நீரும் கிடைக்கிறது; அகன்ற அந்நிலத்தில் திராட்சை வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை கொடுக்கிறது. அதைக் கண்டு ஆசைப்பட்டு, குறுகிய அடிவாரத்தில் திராட்சைக்குப் பணம் போடுவது, பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை வாங்குவதற்கு ஒப்பாகும். பள்ளத்தாக்கு எத்திசையை நோக்குகிறது, எவ்வளவு அகலம், எவ்வளவு மரம், நீர் எங்கிருந்து வருகிறது என்ற நான்கையும் கேட்டறிந்த பிறகே பயிரை நிச்சயிக்க வேண்டும்.

கீழே வெயில், மேலே வெள்ளம்

உயிருக்கே சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அதன் நீர் 100 டன்னுக்கு மேற்பட்டது. ஒரு சதுர மைலில் அதே மழை 65,000 டன்னுக்கு மேலாகும். சமவெளியில் அது மண்ணிலும் கண்மாயிலும் தங்கும். செங்குத்தான பாறைச் சரிவிலோ, சிறிது நேரத்துக்குள் ஓடையில் திரண்டு இறங்கிவிடும். அப்போது அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

இதே மலைத்தொடரில் வடக்கேயுள்ள சதுரகிரியில், 2015-ஆம் வருஷம் மே மாதத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் யாத்ரீகர்கள் சிலர் உயிரிழந்தனர். இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆற்றிலும் பக்தர்கள் மறுகரையில் சிக்கி மீட்கப்பட்டதுண்டு. செண்பகத்தோப்பில் காட்டழகர் கோயிலுக்குச் செல்வோரும் ஓடைகளைக் கடந்தே செல்ல வேண்டும். ஆகையால், தலைக்கு மேலுள்ள ஆகாயத்தைப் பார்த்து ஆற்றில் இறங்கலாகாது. முகட்டைப் பார்த்து இறங்க வேண்டும். முகடு கறுத்திருந்தாலும், நீர் கலங்கிச் சருகுகளைக் கொண்டுவந்தாலும், அக்கணமே மாட்டையும் வண்டியையும் கரையேற்றிவிட வேண்டும்.

ஒரு குடியானவரின் கணக்கு

இனிப் பணவிஷயம். சமவெளியில் பருத்தி பயிரிட்டுப் பழகிய ஒரு குடியானவர், அடிவாரத்தில் நான்கு ஏக்கர் மாந்தோப்பை வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் கடன் வாங்கினார். பருத்திக்குப் பழகிய வழக்கத்தால், தவணையைப் பங்குனி மாத முடிவுக்கு ஒப்புக்கொண்டார். தை மாதத்தில் மரம் முழுவதும் பூத்தது. கீழூரில் உறவினர் தோப்பில் எப்போது மருந்து தெளிக்கிறார்களோ அப்போது தெளிக்கலாம் என்று இருந்தார். அண்டைத் தோப்பின் முதியவர் ஒருநாள் அவரிடம் சொன்னார்:

“தம்பி, பூவிலே சாம்பல் படிந்ததுபோல் இருக்கிறதே, பார்த்தீர்களா?”

“பார்த்தேன், ஐயா. கீழே மாமா தோப்பில் ஒன்றும் இல்லையாம். அவர்கள் தெளிக்கும்போது நானும் தெளிக்கலாமென்று இருக்கிறேன்.”

“பஞ்சாங்கம் கீழேயும் மேலேயும் ஒன்றுதான், தம்பி. பனி ஒன்றல்லவே!”

முதியவர் சொன்னது சாஸ்திரத்துக்கு முற்றும் ஒத்தது. இரவுக் குளிரும், விடியற்காலை ஈரமும், பகல் வறட்சியும் மாறிமாறி வருமிடத்தில் மாம்பூவைத் தாக்கும் சாம்பல் நோய் எளிதில் பரவும். காற்றோட்டமில்லாமல் நெருங்கி நட்ட மரங்களில் தத்துப்பூச்சியும் பெருகும். அக்குடியானவர் பத்து நாள் தாமதித்தார். பூவில் பெரும்பகுதி கறுத்து உதிர்ந்தது. மிஞ்சிய பிஞ்சுகள் முற்றவும், குளிர்ந்த இடமாதலால், சில நாட்கள் கூடுதலாகப் பிடித்தன. தவணையோ பங்குனியில் வந்து நின்றது. பழமோ சித்திரைக்குப் பின்னரே. என்ன செய்வார்? மரத்தில் நின்ற பிஞ்சையே வியாபாரிக்குக் குறைந்த விலைக்குக் குத்தகை பேசிவிட்டுத் தவணையைக் கட்டினார். வைகாசியில் அதே பழம் சந்தையில் விற்ற விலையை அவர் வேடிக்கை பார்க்க நேர்ந்தது.

இதில் மண்ணின் குற்றம் ஏதுமில்லை. மரத்தின் குற்றமும் இல்லை. தவணையைப் பருத்தியின் பருவத்துக்கு ஒப்புக்கொண்டதும், பனியைச் சமவெளியின் பனியாக எண்ணியதுமே நஷ்டத்துக்குக் காரணம்.

செய்யத்தக்கவை

முதலாவது, அளந்து பார்க்க வேண்டும். ஒரு மழைமானியையும், அதிக உஷ்ணத்தையும் குறைந்த உஷ்ணத்தையும் காட்டும் உஷ்ணமானியையும் கிராமத்தார் பலர் கூடி வாங்கிப் பொதுவில் வைக்கலாம். மழைமானியை மரத்துக்கும் சுவருக்கும் எட்ட, திறந்த இடத்தில் நிறுத்த வேண்டும். உஷ்ணமானி தரைக்கு மேல் நான்கடி உயரத்தில், வெயில் படாமல் காற்று நுழையும் பலகைப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். தினம் காலை 8½ மணிக்கு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவரப் பள்ளிப்பிள்ளை ஒருவனே போதும். சர்க்காரின் மழைக்கணக்கு பெரும்பாலும் நகரத்து மானியின் கணக்கு. அடிவாரத்தின் கணக்கை அடிவாரத்தாரே எழுதிக்கொள்ளுதல் நலம். ஐந்து வருஷத்துப் புஸ்தகம் கையிலிருந்தால், பயிர் நஷ்டத்தைப் பற்றிப் பேசும்போது அது வாய்ச்சொல்லைவிட வலிய சாட்சியாகும்.

இரண்டாவது, நிலத்துக்குள்ளேயே குளிர்ந்த இடத்தையும் வெதுவெதுப்பான இடத்தையும் பிரித்தறிய வேண்டும். காலையில் பனி எங்கே கடைசியாக உலருகிறதோ அதுவே குளிர் தேங்கும் பள்ளம். அங்கே பூக்கும் பருவத்தில் பனிக்கு அஞ்சும் மரங்களை நெருக்கி நடலாகாது. மாட்டுத் தீவனப் புல் நன்கு வரும். சரிவுக்குக் குறுக்கே நெருக்கமான வேலி போட்டால், அது அணைபோல் நின்று குளிரைத் தேக்கும். ஆகையால் கீழ்ப்புறத்தில் இடைவெளி விடுதல் வேண்டும். மேல்காற்று வீசும் பக்கத்தில் மட்டும் வாழைக்கும் தென்னைக்கும் காற்றுத்தடுப்பாக மரவரிசை இருக்கலாம்.

மூன்றாவது, மாம்பூ விரியத் தொடங்கியதும் தினம் காலையில் பூங்கொத்தைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். சாம்பல் கண்டவுடன், நீரில் கரையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். வேளாண்மை அலுவலரின் யோசனையும் கேட்டல் நன்று. பிறர் தோப்பைப் பார்த்துக் காத்திருத்தல் கூடாது.

நான்காவது, கடன் விண்ணப்பத்தில் நிலம் எங்கே உள்ளது, என்ன பயிர், எந்த மாதத்தில் பணம் கைக்கு வரும் என்று உண்மையை எழுதித் தவணையைக் கேட்க வேண்டும். பழம் வைகாசியில் விற்குமாயின், தவணை வைகாசிக்குப் பின்னரே அமைய வேண்டும். இதைக் கேட்பது யாசகமன்று. சங்கத்தின் பணம் பத்திரமாகத் திரும்புவதற்கும் அதுவே வழி. சங்க நிர்வாகிகளும் கரிசல் கிராமத்துக்கும் அடிவாரக் கிராமத்துக்கும் ஒரே தேதியை விதிப்பதில் பயனில்லை என்பதை உணர வேண்டும். அடிவாரத்தார் பத்துப்பேர் சேர்ந்து பழத்தை ஒன்றாகச் சந்தைக்கு அனுப்பினால், பிஞ்சை விற்கும் அவசியமும் நீங்கும்.

ஐந்தாவது, மேலேயுள்ள காடு குடியானவர்களுக்குச் சொந்தமன்று. ஆயினும் அதன் நிழலும் நீரும் அவர்களுடைய முதலீடேயாகும். இராஜபாளையம் நகரமே மலையினின்று இறங்கும் ஆற்றுநீரைக் குடிநீராகக் கொண்டுள்ளது. மாசி, பங்குனியில் ஒருவர் அஜாக்கிரதையாகப் போட்ட நெருப்பு சரிவில் ஏறினால், பகற்காற்றே அதை முகடு வரையில் கொண்டுபோய்விடும். அடிவாரத்திலே நெடுங்காலமாக வாழும் பளியர் மக்கள் காட்டையும் ஓடையையும் நாள்தோறும் கண்டு பழகியவர்கள். மழைக்குறியும் வெள்ளக்குறியும் பற்றி அவர்களைக் கேட்டறிவது எவருக்கும் இழிவன்று.

சபையோர்களே! சமவெளிக்காரர் பாடம் சமவெளிக்கு நல்ல பாடமே. ஆனால் மலை மூன்று புறம் சூழ்ந்த நிலத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. இன்றிரவே வீடு திரும்பிய பின், நாளை விடியற்காலையில் ஓடைக்கரைக்குச் சென்று ஒரு வரட்டியைப் புகைய வைத்துப் பாருங்கள். புகை எப்பக்கம் சாய்கிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். அடிவாரத்துக் கணக்குப் புஸ்தகத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். அப்புஸ்தகத்தைப் பார்த்துப் பயிரிடுவோரும், அதைப் பார்த்துக் கடன் கொடுப்போரும் ஒருவருக்கொருவர் சங்கடமின்றி வாழ்ந்து நலம்பெறுவார்களாக.